24 மூட்டை பிளீச்சிங் பவுடர்: ஏக்கருக்கா, ஹெக்டேருக்கா?

நண்டுக்கரை: "குஞ்சு விடுமுன் ஏக்கருக்கு 24 மூட்டை பிளீச்சிங் பவுடர் கொட்டச் சொல்கிறார்கள், எல்லாம் கடைக்காரன் பிழைக்கத்தான்" என்று வேதாரண்யம் பக்கத்து இறால் பண்ணைக்காரர் ஒருவர் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. அது ஹெக்டேர்க் கணக்கு ஐயா! ஒரு மீட்டர் ஆழத்துக்கு 10,000 கன மீட்டர் நீர். 60 பிபிஎம், அதாவது கன மீட்டருக்கு 60 கிராம் என்றால் 600 கிலோ. 25 கிலோ மூட்டையில் 24. ஏக்கருக்குப் பத்துகூட வராது.

வேதைப்பண்ணை: அந்த ஒருவர் நான்தான். என் குளம் ஒன்றரை மீட்டர் ஆழம். கிலோ 30 ரூபாய் வீதம் 18,000 ரூபாயை எண்ணி வைத்தவனும் நான்தான். உட்கார்ந்த இடத்தில் பெருக்கல் போடுவதற்குக் காசா, பணமா?

நண்டுக்கரை: ஒன்றரை மீட்டருக்கும் 15 மூட்டைதான். 24 வராது.

உப்பளத்தான்: 60 பிபிஎம் என்பது பொடியா, குளோரினா? நல்ல பொடியிலேயே மூன்றில் ஒரு பங்குதான் குளோரின். கட்டு அவிழ்ந்து ஈரத்தில் கிடந்த மூட்டை என்றால் அதுவும் இல்லை.

நண்டுக்கரை: அதை யார் கேட்டார்கள்? 24 ஹெக்டேருக்கு.

சங்குமுகம்: இந்தப் பகுதியின் பெயரிலேயே தவறு. 'மீன் நோய்' என்று இருக்கிறது. இறால் மீனே அல்ல.

வேதைப்பண்ணை: சந்தையில் போய் அதைச் சொல்லுங்கள். இங்கே சில பேர் பிளீச்சிங் போட்டும் 40ஆவது நாளில் வெண்புள்ளி வைரஸ் நோய் வந்து, குளத்தையே வழித்துக் கரையில் புதைத்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன். கரையில் நண்டு இருக்கும்.

நண்டுக்கரை: நண்டு வேலி போடாத பக்கத்துக் குளத்திலிருந்து வந்தது அது. யார் குளம் என்று ஊருக்கே தெரியும். 1994இல் இந்த நோய் வந்து கிழக்குக் கடற்கரையே அழுததே, மறந்துவிட்டதா? வைரஸைச் சுமந்து வரும் நண்டையும் கூனி இறாலையும் கொல்லத்தான் பிளீச்சிங். நட்ட நடுப்பகலில் கொட்டினால் குளோரினை வெயில் குடித்துவிடும். அந்தி சாய்ந்து கொட்ட வேண்டும். பிறகு நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓட்டி, கண்ணாடிக் குழாயில் நீர் எடுத்து, குளோரின் மிச்சம் இருந்தால் மஞ்சளாக்கும் ஆர்த்தோடோலிடின் இரண்டு சொட்டு விட்டு, மஞ்சள் படியாத பிறகுதான் குஞ்சு. இவ்வளவும் செய்தேன். ஏக்கருக்குப் பத்து மூட்டைக்குள்!

உப்பளத்தான்: பொடியா, குளோரினா?

வேதைப்பண்ணை: நாளை ரசீதைப் படம் எடுத்துப் போடுகிறேன். 24 என்று எழுதியிருக்கும்.

நண்டுக்கரை: போடுங்கள். குளம் எத்தனை ஏக்கர் என்று ரசீதில் இருக்காதே.