லேபிள் பிரிண்டரோடு மல்லுக்கட்டியவர்கள் வாருங்கள்

கிடங்குக்காரன்:
லேபிள் பிரிண்டருக்கான கட்டளை மொழியான இசட்பிஎல்லில் பிக்யூ கட்டளையோடு எத்தனை பிரதி என்று எண் கொடுப்போமே, அந்த இடத்தில் எங்கள் மென்பொருள் ஒரு ராத்திரி கையிருப்பு எண்ணிக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டது. வரவேண்டியது நாலே ஸ்டிக்கர். கொட்டுகிறது, கொட்டுகிறது, நிற்கவில்லை. லோடுமேன் அண்ணன் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். திரும்பப் போட்டதும் மறுபடி கொட்டல். முழங்கால் வரை ஸ்டிக்கர் சுருளுக்குள் நின்றுகொண்டு, "தம்பி, இதுக்குப் பேய் புடிச்சிருக்கா?" என்றார். இன்றைக்கும் அந்தப் பிரிண்டர் பக்கம் போகமாட்டார்.

மளிகை பில்லிங்:
எங்களுக்குத் தமிழில் பெயர் வேண்டும். எழுத்துக் குறிமுறையைச் சொல்லும் சிஐ28 கட்டளை கொடுத்து, தமிழ் எழுத்துருவும் பிரிண்டரில் ஏற்றியாயிற்று. பால், வடகம் எல்லாம் அழகாக வந்தன. தேன் பாட்டிலில் கொம்பு 'த'வைத் தாண்டிப்போய் 'ன்' முன்னால் உட்கார்ந்துகொண்டது. ஒரு பாட்டி எழுத்துக்கூட்டி, "தனே... தனேன்னா என்னப்பா, மருந்தா?" என்று கேட்டு, வாங்காமல் வைத்துவிட்டுப் போனார்.

பழைய சர்வீஸ் ஆள்:
ஒரு மருந்துக்கடையில் ஒன்றுவிட்டு ஒன்று வெற்று ஸ்டிக்கராக வந்தது. டில்டே (~) குறி போட்டு ஜேசி கட்டளை அனுப்பினேன், சென்சார் ரோலை அளந்துகொண்டது, சரியாயிற்று. என் கதை அவ்வளவுதான்.

கிடங்குக்காரரே, பேயுமில்லை பிசாசுமில்லை. அணைத்தால் பிரிண்டரின் நினைவகம்தான் காலியாகும். வேலை கம்ப்யூட்டர் வரிசையில் அப்படியே இருக்கும், ஆன் செய்ததும் திரும்ப அனுப்பும். முதலில் வரிசையை அழியுங்கள், அப்புறம் பிரிண்டரில் மிச்சமிருப்பதை ரத்து செய்ய டில்டே ஜேஏ. மென்பொருளிலேயே பிக்யூவுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

பொதுவாக எல்லோருக்கும்: அச்சின் கருமையைச் சொல்லும் எஸ்டி 30 வரை போகும் என்பதற்காக 30 வைக்காதீர்கள். ஹெட் சீக்கிரம் தேயும், பார்கோடு கோடுகள் தடித்து ஸ்கேனர் திணறும். 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) என்றால் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, ஆக 50 மிமீ ஸ்டிக்கருக்கு அச்சு அகலம் சொல்லும் பிடபிள்யூ 400. மை ரிப்பன் இல்லாத ரோலுக்கு MTD, ரிப்பன் உள்ளதற்கு MTT; தமிழில் சொன்னால் இரண்டும் எம்டிடி-தான், கடைசி எழுத்தைப் பார்த்துப் போடுங்கள். மளிகைக்காரர் எழுத்துருவைச் சரியாக ஏற்றியிருக்கமாட்டார், அதுதான் கோளாறு.

மளிகை பில்லிங்:
ஐயா, நான் ஆலோசனை கேட்கவில்லை. சிஐ28 வருகிற எழுத்து யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் இருக்கிறது என்று சொல்லும், அதோடு அதன் வேலை முடிந்தது. கொம்பை முன்னால் நகர்த்துவது யார்? எங்கள் பிரிண்டர் நகர்த்தாது. பெயரைக் கம்ப்யூட்டரிலேயே படமாக வரைந்து, ஜிஎஃப் கட்டளையில் அனுப்பிய பிறகுதான் தேன் தேனானது. எழுத்துரு அன்றும் இன்றும் அதே எழுத்துருதான்.

பார்சல் ஆபீஸ்:
புது கம்ப்யூட்டரில் யாரோ கட்டளைகளை, பிரிண்டர் அவற்றை நேரடியாக வாங்கும் 9100 என்ற நெட்வொர்க் போர்ட்டுக்கு அனுப்பாமல் சாதாரண டிரைவர் வழியாக விட்டுவிட்டார்கள். முகவரி வரவேண்டிய இடத்தில் எக்ஸ்ஏ, எஃப்ஓ, எஃப்டி என்று கட்டளைகளே எழுத்தாக அச்சாகி, ஒரு பார்சல் அப்படியே வண்டியேறியது. டெலிவரி பையன் போன் பண்ணி, "அண்ணே, இந்த எஃப்ஓ நகர் எங்க இருக்கு?" என்றான்.