மெட்டாகிளாஸ்: ‘வனைவகுப்பு’ என்று வழங்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பைத்தான் போன்ற நிரல்மொழிகளில் வகுப்புகளையே (கிளாஸ்) உருவாக்கும் வகுப்புக்கு மெட்டாகிளாஸ் என்று பெயர். அதற்குத் தமிழில் இதுவரை மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன: தாய்வகுப்பு, மீவகுப்பு, வார்ப்பு வகுப்பு. மதுரையில் மாலை நேரத்தில் பைத்தான் படிக்க வரும் கல்லூரி மாணவர்களுக்கு இதே பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு வகுப்பு இன்னொன்றின் பண்புகளைப் பெறும் மரபுரிமையும் (இன்ஹெரிட்டன்ஸ்) மெட்டாகிளாஸும் இருவேறு உறவுகள். இந்தச் சொற்கள் அவற்றைக் குழப்பிவிடுகின்றன.

பைத்தானில் வகுப்பும் ஒரு பொருள்தான். பொருளை வகுப்பு உருவாக்குகிறது என்றால், அந்த வகுப்பை உருவாக்குவது எது? அதுதான் மெட்டாகிளாஸ். நாம் எதையும் குறிப்பிடாவிட்டால் பைத்தானிலேயே உள்ள ‘டைப்’ அந்த வேலையைச் செய்யும். மதுரைக்கு அருகே விளாச்சேரியில் கொலு பொம்மை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அச்சிலிருந்து பொம்மை வருகிறது. இருக்கிற பிள்ளையார் அச்சை அடியாக வைத்து, மூஞ்சூறு சேர்த்து இன்னோர் அச்சு எடுத்தால் அது மரபுரிமை. எந்த அச்சானாலும் அதைச் செய்த கை யாருடையது என்பது தனிக் கேள்வி. முன்னது அச்சுக்கும் அச்சுக்கும் உள்ள உறவு. பின்னது செய்பவருக்கும் செய்யப்பட்டதற்கும் உள்ள உறவு.

இப்போது ‘தாய்வகுப்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். பைத்தானில் டைப், ஆப்ஜெக்ட் என்ற இரண்டு வகுப்புகளுக்கும் இடையே ஒரு முடிச்சு உண்டு. எல்லா வகுப்புகளுக்கும் மரபுவழியில் உச்சியில் நிற்பது ஆப்ஜெக்ட். டைப்பும் அதிலிருந்து மரபு பெறும் துணைவகுப்புதான். ஆனால் ஆப்ஜெக்ட் என்ற வகுப்பு டைப்பின் வகையைச் சேர்ந்த பொருள். டைப்போ தனக்குத் தானே மெட்டாகிளாஸ். இதைத் தாய், மகள் என்று சொல்லப் புகுந்தால் ஒருத்தி தன் தாய்க்கே தாயாகிவிடுகிறாள். மாணவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார். தாய், தந்தை, ஈனுதல் போன்ற உறவுச்சொற்கள் எல்லாம் மரபுரிமைக்கே உரியவை. அவற்றை அங்கேயே விட்டுவிடுவோம்.

‘மீவகுப்பு’ கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மீ என்றாலும் மேல் என்றாலும் பொருள் ஒன்றே. மரபு தரும் வகுப்பை மேல்வகுப்பு என்று நாம் ஏற்கெனவே எழுதிவருகிறோம். ஒரே பத்தியில் மேல்வகுப்பும் மீவகுப்பும் அடுத்தடுத்து வந்தால் எது எது என்று வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்க வேண்டும். வார்ப்பு வகுப்போ வார்ப்புரு (டெம்ப்ளேட்) என்ற சொல்லோடு மோதும். சி பிளஸ் பிளஸ் படிப்பவர்களுக்கு அது வேறொரு பாடம்.

என் முன்மொழிவு: வனைவகுப்பு.

இரண்டாம் வேற்றுமையின் பொருள்களில் முதலாவது ஆக்கல். அதற்குப் பள்ளியில் நாம் படித்த எடுத்துக்காட்டு ‘குடத்தை வனைந்தான்’. வனைதல் என்பது பெறுவதோ வழிவருவதோ அன்று, ஒன்றை உருவாக்குவது. மெட்டாகிளாஸ் செய்வதும் அதைத்தான். ‘வனைகலம் என்றால் வனையப்பட்ட கலம், அப்படியானால் வனைவகுப்பு வனையப்பட்ட வகுப்பாகாதா?’ என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லா வகுப்பும் வனையப்பட்டதே என்பதால் அந்தப் பொருளில் தனிச்சொல்லுக்குத் தேவை எழாது. கொல்களிறு கொல்லும் களிறு ஆவதுபோல வனைவகுப்பு வனையும் வகுப்பு என்றே நிற்கும்.

ஒரு கலைச்சொல்லைக் கடினமான வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை. பைத்தானில் இணையதளம் அமைக்க உதவும் ஜாங்கோவில் ஒரு தரவு மாதிரியையும் (மாடல்) பைத்தானின் அருவ வகுப்பையும் (அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ்) சேர்த்து மரபாகப் பெற முயன்றவர்கள் ஒரு பிழைச்செய்தியைச் சந்தித்திருப்பார்கள். அதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: ‘வனைவகுப்பு முரண்: துணைவகுப்பின் வனைவகுப்பு, அதன் மேல்வகுப்புகள் எல்லாவற்றின் வனைவகுப்புகளுக்கும் துணைவகுப்பாக இருக்க வேண்டும்.’ நீளமான வாக்கியம்தான். ஆனாலும் எது வழிவந்தது, எது வனைந்தது என்பதில் ஐயமில்லை. இரண்டு வனைவகுப்புகளிலிருந்தும் மரபு பெறும் மூன்றாவது வனைவகுப்பை எழுதினால் முரண் தீரும் என்ற வழியும் அதே வாக்கியத்தில் தெரிகிறது. வனைவகுப்பு என வரும் இடங்களில் மீவகுப்பு என்று மாற்றி ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இன்னொரு நுட்பமும் இந்தச் சொல்லுக்குள் அடங்குகிறது. மேல்வகுப்பில் எழுதிய செயல்முறை (மெத்தட்), துணைவகுப்பின் பொருள்களுக்கும் கிடைக்கும். வனைவகுப்பில் எழுதியது வகுப்புக்குக் கிடைக்கும், அந்த வகுப்பின் பொருளுக்குக் கிடைக்காது. அதே சமயம் ஒரு வகுப்புக்கு வனைவகுப்பைக் குறிப்பிட்டால் அதன் துணைவகுப்புகளும் அதே வனைவகுப்பால்தான் உருவாகும். மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

மற்ற நிரல்மொழிகளுக்கும் சொல் பொருந்த வேண்டும். ஸ்மால்டாக்-80இல் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனி வனைவகுப்பு தானாகவே அமைகிறது. வகுப்புகளின் மரபு வரிசைக்கு இணையாக வனைவகுப்புகளின் வரிசையும் ஓடுகிறது. அங்கே ‘இணை வரிசை’ என்று சேர்த்துச் சொன்னால் போதும். ரூபியில் ஒரே ஒரு பொருளுக்காக அமையும் வகுப்பு வேறு சங்கதி. அதை ‘ஒற்றை வகுப்பு’ என்று தனியாகவே வைத்துக்கொள்ளலாம்.

மாற்றுக்கருத்து உள்ளவர்கள், தாங்கள் விரும்பும் சொல்லை வைத்து மேலே உள்ள பிழைச்செய்தியை முழுமையாக எழுதி அனுப்புங்கள். மாணவர்களிடம் அதையும் படிக்கக் கொடுத்து, அவர்கள் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.