மார்ட்டின் பூட்சர்: மடத்தை விட்டது எப்படி? திடப்படுத்தல் இவர் தொடங்கினதோ?

சுண்டுக்குளி_வாசகர்:
சீர்திருத்த ஞாயிறுக்கு வாலிபர் கூட்டத்தில 15 நிமிசப் பேச்சு. வருசா வருசம் லூதர்தான், இந்த முறை அவற்ர காலத்துச் சீர்திருத்தவாதி பூட்சர். ஆள் மடத்திலயிருந்து ஓடினவரோ, முறையா விலகினவரோ? திடப்படுத்தலை, அதாவது ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்து தன்ர விசுவாசத்தை உறுதிப்படுத்திற சடங்கை, தொடங்கினவர் எண்டு சொல்லலாமோ? எங்கட சபைகளோட என்ன தொடர்பு?

வட்டுக்கோட்டையான்:
முறையா விலகினவர். 1491ல அல்சாஸில ஷ்லெட்ஷ்டாட்டில பிறந்தவர். அந்த ஊர் இப்ப பிரான்சில இருக்கு. 15 வயசளவில சாமிநாதர் (டொமினிக்கன்) துறவற சபையில சேர்ந்தார். 1518 ஏப்ரல்ல ஹைடல்பெர்க் விவாதத்தில லூதரைக் கேட்ட பிறகுதான் மனம் திரும்பினது. 1521 ஏப்ரல்ல துறவற வார்த்தைப்பாட்டை முறைப்படி நீக்கி விட்டாச்சு.

கன பேர் சறுக்கிறது இதுக்குப் பிறகு. வார்த்தைப்பாடு போனாலும் குருப்பட்டம் போகேல்லை. துறவி சாதாரண குருவானார், அவ்வளவுதான். கலியாணத் தடை அப்படியே இருந்தது. 1522ல முன்னாள் கன்னியாஸ்திரி எலிசபெத் சில்பரைசனை முடிச்சார், பிறகு வைசன்பூர்க்கில பிரசங்கம். ஸ்பயர் ஆயர் சபைவிலக்குச் செய்தார். 1523 மேயில ஸ்ட்ராஸ்பூர்க்கில தஞ்சம்.

நல்லூர்ப்பக்கம்:
“தொடங்கினவர்” எண்டு சொல்லாதேங்கோ. கத்தோலிக்கத்தில திடப்படுத்தல் முந்தியே அருட்சாதனம். பூட்சர் செய்தது அதுக்கு வேற உருவம் குடுத்தது. ஜெர்மனியில ஹெஸ்ஸேப் பக்கம் மறுஞானஸ்நானக்காரர் (குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத ஆக்கள்) கேட்ட கேள்வி: விபரம் தெரியாத குழந்தைக்கு என்ன விசுவாசம்? அதைத் தட்டிக் கழிக்காமல் 1538 கடைசியில சீகன்ஹைன் எண்ட ஊரின்ர பேரில வந்த சபை ஒழுங்கு விதிகளில ஒரு வழி வைச்சார்: குழந்தையில ஞானஸ்நானம், பிறகு வேதபாடம், பிள்ளை சபைக்கு முன்னால தன்ர வாயால விசுவாச அறிக்கை, அதுக்குப் பிறகு கை வைத்து ஜெபம். மூப்பர்கள் ஒழுக்கத்தைப் பாக்கிறதும் அதே ஒழுங்கிலதான் இருக்கு. பேச்சில பாதி நேரத்தை இதுக்குக் குடுங்கோ. திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளையள் தங்கட பாடத்தையே அதில காணுவினம்.

வட்டுக்கோட்டையான்:
தொடர்பு ரண்டு வழியால. 1816ல யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் கொங்கிரகேஷனல் மரபு (ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திற மரபு); அதின்ர வேர் சீர்திருத்தவாதி கல்வினிட்டப் போகுது. கல்வின் 1538 தொடக்கம் 1541 வரை ஸ்ட்ராஸ்பூர்க்கில பிரெஞ்சுச் சபைக்குப் போதகர், பூட்சரோட நெருங்கிப் பழகினவர். அங்கிளிக்கன் ஆக்களுக்கு வேற வழி: பேரரசர் திணிச்ச 1548 இடைக்கால சமய ஒழுங்கை ஏற்கமாட்டன் எண்டு நிண்டதால பூட்சர் ஸ்ட்ராஸ்பூர்க்கை விட்டுப் போக வேண்டி வந்தது. 1549ல இங்கிலாந்து போய் கேம்பிரிட்ஜில இறையியல் பேராசிரியரானார். அந்த வருசம் வந்த இங்கிலாந்துத் திருச்சபை ஜெபப்புத்தகத்தில இருந்த குறைகளை எழுதிக் குடுத்தார். 1552 திருத்தத்துக்கு அதுவும் உதவினது.

பழைய_ஏடு:
வெறும் புகழ்ச்சியா முடிக்காதேங்கோ. ஹெஸ்ஸே இளவரசர் பிலிப் முதல் மனைவி உயிரோட இருக்கேக்க 1540ல ரண்டாம் தாரம் கட்டினவர். பூட்சர் அதுக்கு இசைஞ்சு, வெளியில தெரியாமல் வைக்கச் சொன்னவர். விசயம் வெளியில வந்து சீர்திருத்தத் தரப்புக்கே கெட்ட பேர். திருவிருந்தைப் பற்றி லூதருக்கும் சுவிஸ் சீர்திருத்தக்காரருக்கும் இருந்த பிணக்கைத் தீர்க்க அவர் பாத்த சமரசமும் பாதிதான்: 1536 விட்டென்பெர்க் உடன்படிக்கையில லூதர் கையெழுத்து வைச்சார், சுவிஸ்காரர் சேரேல்லை. இரு பக்கமும் ஏற்கிற சொல்லைத் தேடித் தேடி, கடைசியில ரண்டு பக்கமும் சந்தேகப்பட்ட ஆள்.

சுண்டுக்குளி_வாசகர்:
நன்றி. சாவைப் பற்றிச் சொன்னால் கேக்கிற ஆக்கள் நிமிருவினமோ?

பழைய_ஏடு:
நிமிருவினம். 1551ல கேம்பிரிட்ஜில இறந்தார். 1557ல கத்தோலிக்க மேரி ராணி காலத்தில பிணத்தைத் தோண்டி, பெட்டியோட சந்தை வெளியில எரிச்சவை. 1560ல எலிசபெத் காலத்தில அதே பல்கலைக்கழகம் அவருக்குப் பழைய மரியாதையைத் திருப்பிக் குடுத்தது.