கோஸ்ட் கம் பட்டை வெளுத்தே போகிறது, என்ன செய்வது?

செம்மண்பித்தன்:
போன செப்டம்பரில் நடு ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய் நாலு நாள் சுற்றினேன். மேற்கு மெக்டானல் மலைத்தொடரில் கோஸ்ட் கம் மரங்களை (வெள்ளைப் பட்டை கொண்ட யூகலிப்டஸ் வகை) மட்டும் நூறு படமாவது எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால், மரம் நின்ற இடத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெறும் வெள்ளை. பட்டையில் ஒரு மடிப்புகூடத் தெரியவில்லை. வானமும் பாதி கருநீலம், பாதி வெளிறல். 24-105 மி.மீ. ஜூம் லென்ஸ், முன்னால் போலரைசர் (வானத்தைக் கருநீலமாக்கும் வடிகட்டிக் கண்ணாடி) மாட்டியிருந்தேன். ஜூலையில் மறுபடியும் போகிறேன், இந்த முறை உலுரு என்ற பெரிய செம்பாறை வரைக்கும். எங்கே கோட்டை விட்டேன்?

முக்காலி:
வானத்துக்குக் காரணம் போலரைசர். சூரியனுக்குத் தொண்ணூறு பாகையில் இருக்கும் வானத்தைத்தான் அது அதிகம் கறுக்க வைக்கும். அகலக் கோணமான 24-இல் எடுத்தால் வானம் நிறைய உள்ளே வந்துவிடும், அதில் ஒரு கீற்று மட்டும் இருண்டு நிற்கும். அகலமாக எடுக்கும்போது கழற்றிவிடுங்கள்.

மரத்துக்கு வருவோம். கேமரா செம்மண்ணையும் நிழல் பாறையையும் பார்த்துக் கணக்குப் போடுகிறது, நடுவில் ஒல்லியாக நிற்கும் வெள்ளை மரத்தை அது சட்டையே செய்வதில்லை. நான் ஸ்பாட் மீட்டரை (ஒரு சின்னப் புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) பட்டையின் வெளிச்சமான பக்கத்தில் வைத்து, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூட்டிக்கொள்வேன். மண் இருண்டால் இருளட்டும், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் பிறகு தூக்கிவிடலாம். வெளுத்த பட்டையை எந்தச் சாமியாலும் திருப்பித் தர முடியாது. மாலையில் ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) சிவப்பைத் தனியாகப் பாருங்கள், பாறை செக்கச்செவேலென்று ஒளிரும் நேரத்தில் அதுதான் முதலில் வலது ஓரத்தில் முட்டும்.

இதெல்லாம் வெயிலில் எடுத்தே தீருவேன் என்பவர்களுக்கு. நான் வெயிலையே விட்டுவிட்டேன். அதே மலைத்தொடரில் இருக்கும் ஆர்மிஸ்டன் கார்ஜ் என்ற பள்ளத்தாக்குக்கு ஒருநாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன், அடிவாரம் முழுக்க நிழல். எரிச்சலோடு ட்ரைபாடை மடிக்கப் போனவன் நிமிர்ந்து பார்த்தால், எதிர்ச்சுவரில் மட்டும் வெயில். அந்தச் சிவப்பு இந்தப் பக்கம் தெறித்து, நிழலில் நின்ற மரத்தின் ஒரு ஓரம் வெளிறிய ரோஜா நிறத்தில், மறு ஓரம் வானத்தின் நீலத்தில். மடிப்பு, தழும்பு, கிளை ஒடிந்த வடு எல்லாம் தெரிந்தது. பட்டையைத் தொட்டால் கையில் திருநீறு மாதிரி மாவு ஒட்டும், அந்த மாவுகூடப் படத்தில் விழுந்தது. இந்த மரங்களை வரைந்த பூர்வகுடி ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா அடிமரத்தின் நிழலில் ஊதாவைப் போடுவதை அதுவரை மிகை என்று நினைத்திருந்தேன்!

(அவர் வரைந்த இரட்டை மரங்களைத் தேடி அலையாதீர்கள், 2013 ஜனவரியில் எரிந்துவிட்டன.)

இன்னொன்று, அங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். மலைத்தொடர் கிழக்கு மேற்காக ஓடுவதால், ஜூலையில் செங்குத்தான தெற்கு முகங்களுக்கு அநேகமாக நாள் பூராவும் நிழல்தான். மத்தியானம் தூங்க வேண்டியதில்லை.

காற்றாடி:
உலுரு பக்கம் போனால் வெள்ளை மரத்தை மறந்துவிட்டு டெசர்ட் ஓக்கைப் பாருங்கள். பெயர்தான் ஓக், ஆள் நம் சவுக்குக்குச் சொந்தக்காரன். வேர் ஆழத்தில் தண்ணீரைத் தொடும்வரை பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி நெட்டையாக நிற்கும், தொட்டபிறகுதான் தலை விரியும். இரண்டு வயதும் ஒரே ஃபிரேமில் கிடைக்கும். சூரியனுக்கு எதிரே நின்று எடுங்கள், ஊசியெல்லாம் ஒளிரும். காற்றடித்தால் உஸ்ஸென்று ஒரு இரைச்சல் வரும், அதற்காகவே பத்து நிமிடம் சும்மா நிற்கலாம்.

பாறையைச் சுற்றி நடக்கும்போது, அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்கள் புனிதமாகக் கருதும் சில இடங்களில் படம் எடுக்காதீர்கள் என்று பலகை இருக்கும். தூரத்தில் பின்னணியாகக்கூட அந்த இடம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

செம்மண்பித்தன்:
முக்காலி அண்ணா, எதிர்ச்சுவர் வெளிச்சம் எவ்வளவு நேரம் நின்றது? வறண்ட ஆற்றுப்படுகையில் வளரும் ரிவர் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரத்தின் அடியில் கூடாரம் போட்டுக் காத்திருக்கலாமா?

முக்காலி:
எனக்குக் கிடைத்தது இருபது நிமிடம். கூடாரம் மட்டும் அந்த மரத்தடியில் வேண்டாம் தம்பி, காற்றே இல்லாமல் பெரிய கிளையை உதிர்க்கும். ஜூலை அங்கே குளிர்காலம், இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும், குளிரில் சார்ஜ் இறங்காமல் இருக்கக் கூடுதல் பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துத் தூங்குங்கள்.