குடியகல்வா, புலம்பெயர்வா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பாடநூல் அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டியிருப்பதால், ஒருவர் தம் நாட்டைவிட்டு வேறு நாட்டுக்குக் குடிபோவதைக் குறிக்கும் 'எமிக்ரேஷன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எந்தச் சொல்லை இடலாம் என்பதில் என் கருத்தை இன்றே எழுதிவிடுகிறேன். பெரும்பாலோர் முன்மொழிந்த 'புலம்பெயர்வு' அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை.

அச்சொல்லின் பழமையில் ஐயமில்லை. 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' பட்டினம் என்று காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலை பாடுகிறது. ஆனால் அங்கே புலவர் துறைமுகத்தில் நின்று வந்து சேர்ந்தவர்களைக் காண்கிறார். அவர்கள் விட்டுவந்த கரை அவர் பார்வையில் இல்லை. நமக்கு வேண்டியதோ விட்டுப் போவதைக் குறிக்கும் சொல்.

'புலம்பே தனிமை', அதாவது புலம்பு என்றால் தனிமை, என்னும் தொல்காப்பிய நூற்பாவைக் காட்டி, புலம்பெயர்தலுக்குள் புலம்பலும் ஒளிந்திருக்கிறது என்று நண்பர் ஒருவர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மனத்தைத் தொடும் விளக்கம்தான். எனினும் அச்சொல் புலம், பெயர் என்றே பிரியும். 'புலம்பு' என்பதன் இறுதியில் உள்ள 'பு' அதில் இல்லை; அங்குள்ள 'பெ' பின்சொல்லான 'பெயர்' என்பதற்கே உரியது. கலந்து இனிது உறைந்தவர்களிடம் தனிமையைத் தேடுவதும் முறையாகாது. இழப்பின் கனம் அச்சொல்லில் ஏறியது நம் காலத்தில், 1983க்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறிய ஈழத்தமிழர் அதைத் தமக்குரியதாக்கிக்கொண்டபோதுதான். படிக்கவும் வேலைக்கும் செல்வோர் எல்லாரையும் அடக்கும் பொதுப் பாடத்தில் அதை இட்டு நீர்த்துப்போகச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே 'குடியகல்வு' என்கிறேன். இலங்கையில் கடவுச்சீட்டு வழங்கும் அரசு அலுவலகத்தின் பெயரே குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். வருவதும் போவதும் அப்பெயரில் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. மாணவருக்குப் புரியாது, எமிக்ரேஷன் என்றே எழுதலாம் என்போர், அதையும், நாட்டுக்குள் குடிவருவதைக் குறிக்கும் இமிக்ரேஷனையும் தமிழில் அடுத்தடுத்து எழுதிப் பார்க்க வேண்டுகிறேன்: முதலெழுத்து ஒன்றே வேறுபடுகிறது, தேர்வறையில் அது போதாது. 'அகல்' என்றால் விலகு என்பது எந்த மாணவருக்கும் தெரியும்.

'அகதி' வடசொல் என்பதால் 'ஏதிலி' என்று மாற்ற வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 'ஏதிலார் குற்றம்போல்' என்னும் குறளில் ஏதிலார் அயலார்; அடைக்கலம் தேடி வந்தவரை அச்சொல்லால் அழைத்தால் அவரை மீண்டும் அயலாராக்குகிறோம். இதில் உடன்படாதோர் வியாழன் இரவுக்குள் எழுதினால், மாற்றுச் சொல்லாக அதையும் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.