இறக்கப் பாதையில் ஓடி பாஸ்டனுக்குத் தகுதி பெறுவது நியாயமா?

கடைசி6மைல்:
வயது 41. 2026 பாஸ்டன் மாரத்தானுக்கு என் பிரிவில் (ஆண்கள் 40–44) கேட்ட தகுதி நேரம் 3:05, அதாவது 3 மணி 5 நிமிடம். சிகாகோவில் 3:02:10 ஓடினேன். தகுதி நேரத்தைத் தொட்டாச்சு, ஆனால் இடம் இல்லை. விண்ணப்பம் குவிந்துவிட்டதால் எல்லாப் பிரிவிலும் 4 நிமிடம் 34 விநாடி வெட்டிவிட்டார்கள், அதாவது 3:00:26-க்குள் ஓடியவருக்குத்தான் கதவு திறந்தது. இப்போது யூட்டாவில் நடக்கும் செயின்ட் ஜார்ஜ் மாரத்தான் ஓடலாமா என்று யோசிக்கிறேன். தொடக்கத்திலிருந்து முடிவுக்குள் சுமார் 2,500 அடி இறங்குகிற பாதை. எங்கள் ஓட்டக்குழுவில் ஒருவர் "அப்படி வாங்கினால் அது தகுதியே இல்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். உங்கள் கருத்து?

மெதுவோட்டம்:
அவர் சொன்னதில் என்ன தப்பு? பாஸ்டனில் இருக்கும் இடம் அளவானது. மலையிலிருந்து உருண்டு வந்து 2:55 வாங்கினவர் ஒருவர் உள்ளே போனால், சமதரையில் நாயாக உழைத்து 3:00:40 ஓடின ஒருவர் வெளியே நிற்கிறார். அந்த இன்னொருவர் நீங்கள்தான் சார், அதை மறந்துவிட்டு அதே வேலையை அடுத்தவருக்குச் செய்யப் பார்க்கிறீர்கள்.

தொடைவலி:
உருண்டு வந்தாங்களாம்! ஒரு தடவை 4,000 அடி இறங்கிப் பாருங்கள், மறுநாள் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவீர்கள். இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும், அதற்கென்று மாதக்கணக்கில் பழகாதவனுக்கு 30 கிலோமீட்டர் தாண்டினதும் கால் கட்டையாகிவிடும்.

அப்புறம், எந்த ஊர் நியாயம் இது? பாஸ்டனே இறக்கம்தான். தொடக்கமான ஹாப்கின்டனிலிருந்து முடிவான பாய்ல்ஸ்டன் தெரு வரை சுமார் 140 மீட்டர் இறங்குகிறது. 2011-ல் ஜெஃப்ரி முடாய் அங்கே 2:03:02 ஓடினார், அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக மாரத்தான் ஓடியதில்லை, ஆனாலும் பாதை அதிகம் இறங்குகிறது, ஒரே திசையில் போகிறது என்று உலக சாதனையாகச் சேர்க்கவில்லை. அந்தப் பந்தயத்துக்குப் போக இறக்கத்தில் ஓடக்கூடாதா?

மெதுவோட்டம்:
நல்ல வக்கீல் நீங்கள். பாஸ்டனில் 26-வது கிலோமீட்டர் பக்கம் நியூட்டன் மேடுகள் ஆரம்பிக்கும், 33-ல் அதில் கடைசி மேடான ஹார்ட்பிரேக் ஹில். முதல் பாதி இறக்கத்தில் தொடை வெந்த பிறகு அந்த ஏற்றம். இந்த 140 மீட்டரையும் உங்கள் 4,000 அடியையும், அதாவது 1,200 மீட்டரையும், ஒரே தராசில் வைக்காதீர்கள்.

தொடைவலி:
சரி, அப்படியானால் கார்பன் தகடு வைத்த ஷூவையும் சேர்த்துப் பேசுவோமா? இந்த ஏழெட்டு வருடத்தில் எத்தனை பேரின் நேரத்தை அது குறைத்திருக்கும்? உங்கள் காலில் இருப்பது என்ன ஷூ?

மெதுவோட்டம்:
ஷூ எல்லோருக்கும் கடையில் கிடைக்கிறது. பேச்சை மாற்றாதீர்கள்.

தொடைவலி:
பந்தயப் பதிவும் எல்லோருக்கும்தான் திறந்திருக்கிறது!

சாக்ரமெண்டோ_அக்கா:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு வாங்குங்கள். நியாய அநியாயத்தை விடுங்கள், 2027 பந்தயத்துக்கான பதிவிலிருந்து விதியே மாறிவிட்டதே. தொடக்கத்தைவிட முடிவு 1,500 அடியோ அதற்கு மேலோ கீழே இருந்தால் உங்கள் நேரத்தோடு 5 நிமிடம் கூட்டுவார்கள். 3,000 அடி தொட்டால் 10 நிமிடம். 6,000 அடியும் அதற்கு மேலும் என்றால் அந்த நேரம் செல்லவே செல்லாது. ரெவல் பிக் பேர் மாதிரி மலையிலிருந்து இறங்கும் மாரத்தான்கள் 10 நிமிட வகையில் வருகின்றன, செயின்ட் ஜார்ஜ் 5 நிமிட வகை. அதனால் தம்பி, அங்கே 2:57 ஓடினால் கணக்கில் 3:02. சிகாகோவில் நின்ற அதே இடத்தில்தான் நிற்பீர்கள், தொடைவலி கூடுதல். 3:00:26 மாதிரி ஒரு கோட்டுக்குள் வர வேண்டுமானால் அங்கே 2:55:26 ஓட வேண்டும்.

தொடைவலி:
அந்த விதியும் அரைகுறைதான் அக்கா. 1,490 அடி இறங்கினால் ஒன்றும் கிடையாது, 1,510 இறங்கினால் 5 நிமிடம். 1,510-க்கும் 2,990-க்கும் ஒரே தண்டனை. நாளைக்கே ஏற்பாட்டாளர்கள் தொடக்கக் கோட்டை மலையில் கொஞ்சம் கீழே நகர்த்தி 1,499-ல் நிறுத்துவார்கள், பாருங்கள்.

மெதுவோட்டம்:
நகர்த்தட்டும், அதுவே பாதி வெற்றி. 6 நிமிடம் 51 விநாடி வெட்டு விழுந்ததே 2025 பந்தயத்துக்கு, அப்போதே இதைச் செய்திருக்க வேண்டும். எல்லாப் பழியும் இறக்கத்தின் மேல் என்று நான் சொல்லவில்லை, கூட்டமும் கூடிவிட்டது, ஆனால் அடைக்கக்கூடிய ஓட்டை அது.

கடைசி6மைல்:
அந்த 5 நிமிடக் கணக்கு எனக்கு இதுவரை உறைக்கவே இல்லை, நன்றி அக்கா. அப்படியானால் எங்கே ஓடுவது?

சாக்ரமெண்டோ_அக்கா:
எங்கள் ஊர்தான், வேறு எங்கே? கலிபோர்னியா இன்டர்நேஷனல் மாரத்தான், டிசம்பர் தொடக்கம், ஃபோல்சமிலிருந்து சாக்ரமெண்டோ சட்டமன்றக் கட்டடம் வரை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உயர வித்தியாசம் 400 அடிகூட வராது, தண்டனை இல்லை, குளிர் நம் பக்கம். முதல் பாதி ஏறி இறங்கும், அங்கே ஆசைப்பட்டு வேகம் எடுக்காதீர்கள். கிலோமீட்டருக்கு 4:14 பிடித்தால் 2:59-க்குள் வரலாம், ஆனால் கையில் இருக்கும் கடிகாரம் 42.5 காட்டும், வளைவுகளில் உள்பக்கம் வெட்டி ஓடாவிட்டால் இன்னும் கூடும். அதனால் 4:12 என்று மனதில் வையுங்கள்.

மெதுவோட்டம்:
400 அடி இறக்கமும் இறக்கம்தானே என்று தொடைவலி வருவார் பாருங்கள்.

தொடைவலி:
வந்துவிட்டேன். அதுவும் இறக்கம்தான்.