டெம்பரன்ஸ்: தமிழில் என்ன போடலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

செ. எழுதியது:
வணக்கம். முதுகலை அமெரிக்க வரலாற்றுப் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை கெடு. 19ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டன்ட் போதகர்களைப் பற்றிய பகுதியில் 'டெம்பரன்ஸ்' (குடியைக் குறைக்க, விடச் சொன்ன இயக்கம்) வந்து வழிமறிக்கிறது. 'மதுவிலக்கு' என்று போட்டுவிட்டுப் போகலாம் என்றால் அடுத்த பக்கத்திலேயே மது விற்பனையைத் தடைசெய்த 1851இன் மெய்ன் மாநிலச் சட்டம் வருகிறது, அதற்கு அந்தச் சொல் வேண்டும். 1826இல் பாஸ்டனில் டெம்பரன்ஸ் சங்கம் தொடங்கியபோது விடச் சொன்னது விஸ்கி, ரம் போன்ற காய்ச்சி வடித்தவற்றை மட்டும். பீருக்கும் ஒயினுக்கும் தடையில்லை. முழுக்க விடு என்றது பத்தாண்டு கழித்து. மூன்றுக்கும் ஒரே சொல்லா?

இரா. எழுதியது:
தம்பி, வள்ளுவர் 93ஆம் அதிகாரத்திலேயே கொடுத்துவிட்டாரே, 'கள்ளுண்ணாமை'. உண்ணாமை தானாக விடுவது, விலக்கு அடுத்தவர் தடுப்பது. மது வடசொல், அதைத் தொடவே வேண்டாம். 'கள்' என்ற வேரைப் பாருங்கள். களிப்பும் அதே வேர்தான் என்பேன், 'கள்ளுண்ணாப் போழ்திற் களித்தானை' என்று குறளே இரண்டையும் சேர்த்து வைக்கிறது. இதைப் பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

மே. எழுதியது:
ஐயா, தனி மடல் வரட்டும், ஆனால் கள் புளிக்கவைத்தது, சாராயம்தான் வடித்தது. 1826ஆம் ஆண்டுக் கணக்குப்படி பாஸ்டன்காரர்கள் கள்ளை விட்டுவைத்திருப்பார்கள்! பொருள் தலைகீழாகிறது. 'மட்டுக்குடி' எப்படி?

இரா. எழுதியது:
மட்டு என்றாலே சங்கத்தமிழில் கள்தான் அம்மா. 'மட்டுவாய் திறப்பவும்', புறநானூறு 113. மட்டுக்குடி என்றால் கள் குடிப்பது என்றாகிவிடும்.

ஜெ. எழுதியது:
கலாத்தியர் 5:23இல் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பு டெம்பரன்ஸ் என்கிற இடத்தில் நம் பழைய வேதாகமத்தில் 'இச்சையடக்கம்'. லைமன் பீச்சர் போன்ற போதகர்கள் காதில் ஒலித்தது அந்த வசனமாகத்தான் இருக்கும். மனுஷர் 1825இல் குடிக்கு எதிராக ஆறு பிரசங்கம் செய்ததற்குப் பின்னால் ஒரு குருப்பட்ட விருந்து இருக்கிறது: கூடியிருந்த போதகர்களுக்காகப் பக்கமேசையில் வரிசையாகச் சாராயம், வீடே கடை மாதிரி நாறியது என்று பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். முதலில் திருந்த வேண்டியிருந்தது பிரசங்கபீடம்.

மே. எழுதியது:
இச்சையடக்கம் என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள், கடைசி பெஞ்சு சிரித்தே பாடம் முடிந்துவிடும். இச்சையை எடுத்துவிட்டுக் 'குடியடக்கம்' என்று வைக்கலாமே. 1830 கடைசியில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில், போதகர் ஃபின்னியின் எழுப்புதல் கூட்டங்கள் நடந்தபோது, அவருடைய சீடர் தியடோர் வெல்ட் பேசியதைக் கேட்ட மளிகைக்காரர்கள் விஸ்கிப் பீப்பாய்களைத் தாங்களே தெருவுக்கு உருட்டி வந்து உடைத்தார்கள். சட்டம் எதுவும் கிடையாது. இதற்கு விலக்கு என்ற சொல் பொருந்தவே பொருந்தாது.

ஜெ. எழுதியது:
எங்கள் சபையில் அடக்கம் என்றால் கல்லறைத் தோட்டம். குடிகாரரைப் புதைத்த இயக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். பழக்கமில்லாத சொல் எதற்கு? அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய மருத்துவர் கிறீன் உடற்கூற்று நூலுக்கு 'அங்காதிபாதம்' என்று பெயர் வைத்தார். இன்று யார் சொல்கிறார்கள்?

இரா. எழுதியது:
அது தமிழே இல்லை, அதனால் நிற்கவில்லை.

செ. எழுதியது:
சரி, இதற்கு மேல் இழுக்க நேரமில்லை. 1826க்குக் 'குடியடக்கம்', 1836க்கு 'முழுத்துறப்பு', சட்டத்துக்கு 'மதுவிலக்கு'. ஆதரவு மூன்று பேர், எதிர்ப்பு ஜெ. ஐயா மட்டும், இரா. ஐயா 'மது'வை மட்டும் எதிர்க்கிறார். அப்புறம், நாளைக்கு 'அபாலிஷனிஸ்ட்' வருகிறது. அடிமைகளை உடனே விடுவிக்கச் சொன்னவர்களுக்கும், படிப்படியாக விடுவிக்கலாம் என்ற பீச்சர் மாதிரியானவர்களுக்கும் ஒரே 'அடிமை ஒழிப்பாளர்' போதாது.

ஜெ. எழுதியது:
என் எதிர்ப்பை அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.